காய்ச்சல் கணக்கு

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டால் ஒரு வீட்டின் முகமே மாறிவிடும். அடுப்படியில் பேச்சு அடங்கும். வாசலுக்கு வந்தவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். நள்ளிரவில் தாயின் கை பிள்ளையின் நெற்றிக்கும் தன் நெஞ்சுக்குமாக அலைந்துகொண்டிருக்கும். அறுபது வயதைக் கடந்த என் வாழ்வில், ராத்தாவாகவும் தாயாகவும் பாட்டியாகவும் நான் விழித்துக் கழித்த அத்தகைய இரவுகள் பல. அவற்றுள் மூன்று இரவுகளைப் பற்றி மட்டும் என் சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன். முதல் இரவில் எங்கள் அறியாமை பிழை செய்தது. இரண்டாம் இரவில் எங்கள் அன்பே பிழை செய்தது. மூன்றாம் இரவில், இறைவன் அருளால், பெரும்பிழை ஏதும் நேரவில்லை.

முதல் இரவு 1968ஆம் ஆண்டில். அப்போது எனக்கு எட்டு வயது. தம்பிக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. காயல்பட்டினத்து வழக்கப்படி, மணமான பெண்மக்கள் தாய்வீட்டிலேயே வாழும் வீடு எங்களுடையது. ஒரே கூரையின் கீழ் உம்மும்மா, உம்மா, சாச்சிமார், அவர்களுடைய பிள்ளைகள் என்று பெருங்கூட்டம் இருக்கும். ஆண்கள் வாணிபத்தை நாடி வெளியூர்களில் இருப்பார்கள். ஆகவே, நோய் வந்த இரவுகளில் முடிவெடுக்க வேண்டியவர்கள் பெண்களே.

அன்று மஃரிபுக்குப் பிறகு தம்பியின் உடல் அனலாய்க் கொதித்தது. காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று உம்மும்மா சன்னல்களை அடைக்கச் சொன்னார்கள். இரண்டு போர்வைகளும் அவற்றின் மேல் ஒரு கம்பளியும் போர்த்தப்பட்டன. காய்ச்சலுக்கு வயிறு காய வேண்டும் என்று பாலும் தண்ணீரும் நிறுத்தப்பட்டன. பெரியவர்களுக்கென்று வைத்திருந்த ஆஸ்பிரின் வில்லையில் பாதியைப் பொடித்துத் தேனில் குழைத்து நாவில் தடவினார்கள். தண்ணீர் ஓதி வாங்கிவரப் பள்ளிவாசலுக்கு ஆள் போயிற்று.

இஷா கழிந்து சற்று நேரத்தில் தம்பியின் கண்கள் மேலே செருகின. கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. உதடுகள் நீலம் பாரித்தன. ஒருவர் கால்களை அழுத்திப் பிடித்தார்கள். ஒருவர் உள்ளங்கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். நாக்கைக் கடித்துக்கொள்வான் என்று அஞ்சிய சாச்சி கரண்டிக் காம்பைப் பற்களுக்கு இடையே நுழைத்தார்கள். வாயிலிருந்து இரத்தம் வழிந்தது. "குடல் வெந்து போச்சே!" என்று உம்மும்மா அலறிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இழுப்பு தானாகவே நின்றது. விடிந்த பிறகுதான் தம்பியின் முன்பல் ஒன்று பாதியாய் உடைந்திருந்ததைக் கண்டோம். இரத்தம் நோயால் வந்ததன்று, கரண்டியால் வந்தது.

மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது. நான்காம் நாள் தம்பி முற்றத்தில் ஓடி விளையாடினான். ஆனால், வீட்டைப் பிடித்த அச்சம் மட்டும் தணியவே இல்லை. அன்று முதல் அவன் 'இழுப்பு வந்த பிள்ளை' ஆனான். ஏழு வயது வரை அவனைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பவில்லை. வெயிலில் விளையாட விடவில்லை. கடற்கரை ஊரில் பிறந்தும் கடலில் கால் நனைக்க அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. வளர்ந்து ஆளான பிறகு, நல்லதொரு சம்பந்தம் பேச்சளவிலேயே முறிந்தது. "சின்ன வயசில் வலிப்பு வந்த பையனாமே" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் விட்டுச் சென்ற தழும்பு அவன் உடலில் எங்கும் இல்லை; எங்கள் அச்சம் இட்ட தழும்போ அவன் வாழ்வெங்கும் இருந்தது.

அந்த இரவில் நாங்கள் செய்தவற்றுள் எது பிழை என்பதைப் பிற்காலத்தில் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டேன். காய்ச்சல் என்பது நோயன்று, நோயின் அறிகுறி. உடலுக்குள் கிருமி நுழைந்ததும், மூளையில் ஹைபோதலாமஸ் என்னும் பகுதி உடலின் வெப்ப அளவைச் சற்று உயர்த்தி வைக்கிறது. அந்தச் சூட்டில் பல கிருமிகளின் பெருக்கம் குறைகிறது. உடலின் காவற்படையோ சுறுசுறுப்படைகிறது. ஆக, காய்ச்சல் வீட்டைக் கொளுத்த வந்த தீயன்று. கொள்ளையரைக் கண்டு காவலாளி ஏற்றிய பந்தம்.

இந்த அறிவு எளிதில் வந்ததன்று. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்ர் அல்ராஸி, பெரியம்மையையும் தட்டம்மையையும் வெவ்வேறு நோய்களாகப் பிரித்துக் காட்டித் தனி நூலே எழுதினார். இரண்டிலும் காய்ச்சல் உண்டு. அதனுடன் வேறு என்னென்ன காணப்படுகின்றன என்று கூர்ந்து நோக்கியதே அவருடைய சிறப்பு. 1868இல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிச், ஏராளமான நோயாளிகளின் உடல் வெப்பத்தை அளந்து திரட்டிய முடிவுகளை நூலாக வெளியிட்டார். காய்ச்சலையே ஒரு நோயாகக் கருதிவந்த காலம் அதன் பின்னரே மாறத் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆங்கில மருத்துவர் ஆல்பட், ஐந்து நிமிடத்தில் அளவு காட்டும் சிறிய வெப்பமானியை உருவாக்கினார். இன்று நம் அலமாரிகளில் கிடக்கும் வெப்பமானிக்கு அதுவே முன்னோடி.

உடலின் இயல்பான வெப்பம் சுமார் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37 டிகிரி செல்சியஸ். 100.4 டிகிரியை, அதாவது 38 டிகிரி செல்சியஸை எட்டினால் காய்ச்சல் எனலாம். ஆனால், எண்ணைப் பார்த்து மட்டும் அஞ்சுவதிலோ ஆறுதல் அடைவதிலோ பொருளில்லை. 103 டிகிரிச் சூட்டிலும், மருந்து கொடுத்த சற்று நேரத்தில் எழுந்து கஞ்சி கேட்கும் பிள்ளை உண்டு. 101 டிகிரியிலேயே துவண்டு, தாயின் முகத்தை நோக்காமல் கிடக்கும் பிள்ளையும் உண்டு. அஞ்ச வேண்டியது இரண்டாம் பிள்ளைக்காகவே. 1980இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பார்ட்டன் ஷ்மிட், பெற்றோரிடம் காணப்படும் அளவு மீறிய இந்தப் பீதியை 'காய்ச்சல் அச்சம்' என்றே பெயரிட்டு எழுதினார். அதைப் படித்தபோது எங்கள் வீட்டுக்கே அவர் பெயர் வைத்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

இரண்டாம் இரவு 1987இல். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. எடை 12 கிலோ. மருத்துவர் பாராசிட்டமால் மருந்தை 7.5 மில்லி வீதம் கொடுக்கச் சொல்லியிருந்தார். இஷா தொழுகைக்கு முன் நான் ஒரு வேளை கொடுத்தேன். நான் தொழுதுகொண்டிருந்தபோது பிள்ளையைத் தொட்டுப் பார்த்த சாச்சி, இன்னும் சுடுகிறதே என்று ஒரு வேளை கொடுத்தார்கள். பிறகு நான் கண்ணயர்ந்த வேளையில், பக்கத்தில் இருந்த உம்மா, "பாவம், அவள் தூங்கட்டும்" என்று இரக்கப்பட்டு, என்னை எழுப்பாமல் மூன்றாம் வேளையையும் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்திற்குள் மூன்று வேளை மருந்து! விழித்து எழுந்து, சீசாவில் மருந்து இறங்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. விடியும் வரை பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் மருத்துவர் பிள்ளையைச் சோதித்துப் பார்த்து, தீங்கில்லை என்றார். பிறகு அவர் சொன்ன சொற்களை நான் மறக்கவில்லை. "ஒரு ராத்திரி தப்பியது. இதையே நாலு நாள் செய்திருந்தால் ஈரல் கெட்டிருக்கும். உங்கள் வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் நிறைய இருக்கிறீர்கள்; கணக்குப் பார்க்கத்தான் ஆள் இல்லை."

கணக்கு என்ற சொல் என் மனத்தில் தைத்தது. என் வாப்பா வாணிபம் செய்தவர்கள். ஒரு காசு வந்தாலும் போனாலும் பற்று வரவு எழுதாமல் அவர்களுக்கு உறக்கம் வராது. பண்டத்திற்குக் கணக்கு எழுதிய வீட்டில் பிள்ளையின் உயிருக்குக் கணக்கு இல்லாமற் போயிற்றே என்று வெட்கினேன். வாப்பா எழுதாமல் விட்டுச்சென்ற பேரேடு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். மணி, சூட்டின் அளவு, கொடுத்த மருந்து, கொடுத்தவர் யார், குடித்தது என்ன, சிறுநீர் கழித்தது எப்போது என்று ஆறு கட்டங்கள். எழுதாமல் யாரும் மருந்துச் சீசாவைத் தொடக்கூடாது என்பது வீட்டின் சட்டமாயிற்று. உம்மும்மாவுக்கு எழுதத் தெரியாது. அவர்கள் மருந்து கொடுத்தால் ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தப் பேரேட்டில் அவர்களுடைய புள்ளிகள் இன்னும் மங்காமல் இருக்கின்றன.

அந்தக் கணக்கின் அடிப்படையை ஒவ்வொரு தாயும் அறிந்திருப்பது நல்லது. பாராசிட்டமாலின் அளவு பிள்ளையின் வயதைவிட எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரு வேளைகளுக்கு இடையே நான்கு முதல் ஆறு மணி நேரம் கழிய வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் ஆகாது. 12 கிலோ பிள்ளைக்கு மிகுதியாகப் போனால் 180 மில்லிகிராம். இனித்தான் கவனம் வேண்டும். கடையில் கிடைக்கும் மருந்துகள் எல்லாம் ஒரே வலுவுடையன அல்ல. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். முதல் வகையில் 7.5 மில்லி சரியான அளவு. அதே 7.5 மில்லியைச் சொட்டு மருந்திலிருந்து கொடுத்தால் நான்கு மடங்கைத் தாண்டிவிடும். சளிக்கென்று வாங்கும் சில மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அறியாமல் இரண்டையும் கொடுத்துவிடுவோர் உண்டு. ஆகவே சீசாவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். சமையற்கரண்டியால் அளக்காமல் மருந்துடன் வரும் அளவுக் குப்பியால் அளந்திடுங்கள். மருந்து பிள்ளையின் வேதனையைத் தணிப்பதற்கே. எண்ணைக் கீழே இறக்குவதற்கன்று. நன்றாக உறங்கும் பிள்ளையை மருந்துக்காக எழுப்ப வேண்டியதில்லை.

அன்று தம்பிக்குக் கொடுத்த ஆஸ்பிரினை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. 1963இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ரே, பிள்ளைகளின் மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய நோய் ஒன்றைப் பற்றி எழுதினார். சளிக்காய்ச்சல், சின்னம்மை போன்ற நோய்களின்போது ஆஸ்பிரின் கொடுப்பதற்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டு என்பது 1980களில் தெளிவாயிற்று. இப்போது காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதில்லை. நிமசுலைடு என்னும் மருந்தும் 12 வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுக்கக்கூடாதென 2011இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. முன்பு வாங்கியது மிச்சமிருக்கிறது என்று பழைய மருந்தை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஒழிய வேண்டும்.

காய்ச்சலின் வெம்மையைத் தண்ணீரால் தணிக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் வந்துள்ளது. அதை மார்க்கச் சொற்பொழிவுகளில் கேட்டிருந்த எங்கள் வீடுதான், பிள்ளையைக் கம்பளியில் பொதிந்து தண்ணீரையும் நிறுத்தியது! காய்ச்சல் பிள்ளைக்கு மெல்லிய பருத்தி ஆடை ஒன்று போதும். சன்னல் திறந்திருக்கட்டும். தாய்ப்பால், கஞ்சி, இளநீர், வெந்து ஆறிய நீர் என்று எதையேனும் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உடலைத் துடைப்பதானால் வெதுவெதுப்பான நீரால் துடையுங்கள். அது பிள்ளைக்குச் சற்று நேரம் இதம் தரும். பனிக்கட்டியும் குளிர்நீரும் வேண்டா. அவற்றால் பிள்ளைக்கு நடுக்கம் கண்டு உட்சூடு மேலும் ஏறும். துடைக்கும்போது நடுங்கினால் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாம் இரவு 2016இல். மகளின் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. சூடு 102 டிகிரியைத் தாண்டியிருந்தது. பேரேட்டில் மகள் எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று பிள்ளையின் கண்கள் மேலே செருகின. அதே வெட்டு, அதே நீல உதடு. நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு நொடியில் மறைந்தன. உண்மையைச் சொல்கிறேன்: என் வலக்கை என்னை அறியாமலே இடுப்பில் செருகியிருந்த சாவிக் கொத்துக்குப் போயிற்று. தம்பியின் உடைந்த பல் நினைவுக்கு வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

பிள்ளையைப் பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினேன். அருகிலிருந்த செம்பையும் விளக்கையும் அப்புறப்படுத்தினேன். வாயில் எதையும் வைக்கவில்லை. கைகால்களை அழுத்திப் பிடிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தேன். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு நிமிடத்தில் நின்றது. அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளமானது என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் அறிவார்கள்.

நின்றுவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடவில்லை. முதன்முறை வந்த இழுப்பை மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் சோதித்து, காதில் தொற்று என்று கண்டார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலில் இத்தகைய இழுப்பு வருவதுண்டு என்றும், அவர்களில் மூவரில் ஒருவருக்கு மீண்டும் வரலாம் என்றும், சில நிமிடங்களில் தானே நிற்கும் எளிய வகையானால் மூளைக்கோ அறிவுக்கோ கேடில்லை என்றும் மருத்துவர் விளக்கினார். காய்ச்சல் மருந்தைத் தவறாமல் கொடுத்தாலும் இழுப்பு வரக்கூடும். ஆகவே தாய் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

வீடு திரும்பியதும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளியில் யாருக்கும் தெரிய வேண்டாம் உம்மா" என்றாள். என் உம்மா சொல்லியிருக்கக்கூடிய சொற்கள் அவை. நான் உடனே தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுநாளே வந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் சொன்னான்: "ராத்தா, அந்தக் காய்ச்சல் எனக்கு மூணு நாள்தான் இருந்துச்சு. உங்களுக்கெல்லாம் முப்பது வருஷம் இருந்துச்சு. இந்தப் பிள்ளைக்கு அப்படி வேண்டாம்." மகள் தலைகுனிந்து அழுதாள். எனக்கும் கண்ணீர் முட்டியது.

அச்சம் வேண்டா என்று சொல்வதால் அலட்சியம் கொள்ளலாம் என்று யாரும் பொருள் கொள்ளக்கூடாது. வீட்டில் வைத்துப் பார்க்கும் காய்ச்சல் உண்டு; வீட்டில் ஒரு நாழிகையும் வைத்திருக்கக்கூடாத காய்ச்சலும் உண்டு. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி கண்டால், இரவா பகலா என்று பாராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீட்டு மருந்து ஏதும் கூடாது. எவ்வயதுப் பிள்ளையானாலும் பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் விழிக்காமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல், மூச்சு விடும்போது விலா உள்வாங்குதல், கழுத்து விறைத்தல், அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள், நெடுநேரம் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் காத்திருக்கலாகாது. மழைக்காலத்து டெங்குவில் மற்றோர் ஏமாற்றம் உண்டு. மூன்று நாளுக்குப் பிறகு சூடு இறங்கும், வீட்டார் மகிழ்வார்கள், ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். சூடு இறங்கிய பிள்ளைக்கு வயிற்று வலியோ, ஓயாத வாந்தியோ, பல்லீறில் இரத்தமோ, கைகால் சில்லிடுதலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எண் இறங்கியதைக் கண்டு மகிழாமல் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

என் உம்மும்மாவை நான் குறை சொல்லவில்லை. தம்பியின் தலைமாட்டில் அவர்கள் மூன்று இரவுகள் கண் மூடாமல் உட்கார்ந்து ஓதியதை நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் இல்லாதது அன்பன்று, அறிவு. அந்த அறிவைப் பெற அவர்களுக்கு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. ஓதுவதும் துஆ கேட்பதும் நம் உள்ளத்திற்கு வலிமை. அந்த வலிமையோடு கடிகாரத்தையும் அளவுக் குப்பியையும் கையில் எடுப்பது நம் பொறுப்பு.

இப்போது பேரேடு என் மகளிடம் இருக்கிறது. பேரனுக்கு அதன்பின் ஒருமுறை இழுப்பு வந்தது. ஐந்து வயதுக்குப் பிறகு வரவில்லை. அவன் எல்லாப் பிள்ளைகளையும் போலப் பள்ளிக்கூடம் போகிறான், வெயிலில் ஓடுகிறான். சென்ற பெருநாள் மாலையில் அவனைக் கடற்கரைக்கு அழைத்துப் போனவன் என் தம்பிதான். அறுபதை நெருங்கும் அவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேரனின் கையைப் பிடித்தபடி முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றான். கரையில் இருந்த நான், "பார்த்து, பார்த்து" என்று கூப்பிட வாயெடுத்தேன். பிறகு பேசாமல் இருந்துவிட்டேன்.